பெட்டிக்குள் உன் குரல்

மே 14

நர்சம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம் என்று வழக்கம்போல எழுத முடியவில்லை. நேற்று சாயங்காலம் நீயே வீட்டுக்கு வந்து என்னை விசாரித்துவிட்டாய்.

பயந்துவிடாதே, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. நேற்று காலையில் சுகாதாரத் தொண்டர் பெண் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு வந்தாள். கையில் கட்ட ஒரு பட்டை, ஏறி நிற்க ஒரு எடைப் பலகை, மேஜைமேல் வைக்க ஒரு பெட்டி. பம்ப் ஹவுஸ் கூரையில் ஆன்டெனாவும் மாட்டினார்கள். "இதய நோயாளிங்க எல்லாருக்கும் கொடுக்கிறாங்க. நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க, இது உங்களைப் பாத்துக்கும்" என்றாள். "சோறு கேக்காதே?" என்றேன். போன மழைக்காலத்தில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையைக் கேட்டாள். இதயம் ரத்தத்தைத் தள்ளும் வேகம் குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும், "பம்ப்காரருக்கே பம்ப் ரிப்பேரா?" என்று நீ சிரித்ததைச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அதன்பிறகு நீ வராந்தாவுக்குப் போய் அழுததைச் சொல்லவில்லை.

விளக்குப் போடும் நேரத்தில் பெட்டி பேசியது. "வணக்கம். இன்னைக்கு உடம்பு எப்படி இருக்கு? சொல்லுங்க, கேட்டுக்கிறேன்." உன் குரல். அச்சு அசலாக உன் குரல். 'சொல்லுங்க' என்பதில் அந்த இழுவைகூட அப்படியே இருந்தது. அடுப்பில் பால் இருந்ததை மறந்து நின்றேன், பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

நீ எப்படி அதற்குள் போனாய்? எழுது. மருந்து ஜீப் சனிக்கிழமைதோறும் வருகிறது. டிரைவர் அதே 'ஹாரன்'தான். ஆளே இல்லாத வளைவிலும் அடித்துக்கொண்டுதான் வருகிறான். அவனிடம் கொடுத்தனுப்பு. போன் பேச வேண்டுமென்றால் சிக்னலுக்காக மேட்டுக்கு ஏற வேண்டும். நான் இப்போது அந்தப் பக்கம் போவதில்லை.

இப்படிக்கு,
பம்ப்காரன்


மே 21

அன்புள்ள பம்ப்காரருக்கு,

பால் அடுப்பில் இருந்தால் பக்கத்தில் நில்லுங்கள் என்று இத்தனை வருஷமாகச் சொன்னது காதில் ஏறவில்லை. போகட்டும், என் கடிதங்களுக்குப் பதில் போட வைக்க ஒரு பெட்டி தேவைப்பட்டிருக்கிறது.

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்வதாகத்தானே ஊரில் சொல்லியிருக்கிறீர்கள்? அது ஆஸ்பத்திரி இல்லை. நோயாளி ஒருவர்கூட வராத இடம். ஜன்னலில்லாத அறை, வரிசையாகத் திரைகள். டாக்டர் எட்டிப் பார்க்காத ஊர்களில் துடிக்கிற இதயங்களெல்லாம் அங்கே கோடு கோடாக ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சரியில்லை என்றால் டாக்டருக்குச் சொல்வோம், அவர் அந்தந்த ஊர்த் தொண்டரைக் கூப்பிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்.

பெட்டிக்குக் குரல் கொடுக்க முதலில் ஒரு வானொலி அறிவிப்பாளரைக் கூட்டி வந்தார்கள். ஜனங்கள் வாயே திறக்கவில்லை. "யாரோ பெரிய அதிகாரி விசாரணைக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார்களாம். பிறகு எங்களைப் பேசவிட்டுப் பார்த்தார்கள். என் குரல்தான் வீட்டு ஆள் பேசுவதுபோல இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். பதில் சொற்களைப் பிரித்துக் கொடுத்ததும் நான்தான். உடம்பு எப்படி என்று கேட்டால் நம் ஆட்கள் நல்லது, கெட்டது என்றா சொல்கிறார்கள்? 'ஏதோ ஓடுது', 'இருக்கேன்', 'என்னத்தைச் சொல்ல' என்பார்கள். அதையெல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தேன். எடையும் துடிப்பும் கொஞ்சம் மாறினால் திரை மஞ்சளாகும். ஆனால் அந்த ஆளே நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் திரும்பப் பச்சையாகிவிடும். இத்தனை ஊருக்கு ஒரு கை ஆட்கள்தான் இருக்கிறோம், மஞ்சளையெல்லாம் துரத்த முடியாது.

நம் ஊரும் பட்டியலில் வரும் என்று எனக்குத் தெரியாது. சொந்தக்காரர்களை நாங்களே பார்க்கக் கூடாது என்பது விதி. உங்கள் கோடு எதிர் மேஜைக்காரியின் திரையில் ஓடுகிறது. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எட்டிப் பார்ப்பேன். "என்ன, வீட்டுக்காரரைப் பாத்தாச்சா?" என்பாள். "பாத்தாச்சு. பச்சையா இருக்கார்" என்பேன். "தண்ணி ஊத்து, பூத்திடுவார்" என்பாள்.

லீவு போட்டு வந்து பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன். திரையைப் பார்த்தபிறகு மனம் லேசாகிவிட்டது. மழை முடியட்டும், வருகிறேன்.

மாத்திரையை விடாதீர்கள். உப்பைக் குறையுங்கள்.

இங்கே,
நான்


ஜூன் 18

நர்சம்மாவுக்கு,

உன் கடிதத்தை என் கையில் கொடுக்கும்போது ஹாரன், "அண்ணே, பொட்டிக்குள்ள அண்ணி, கடுதாசிக்குள்ள அண்ணி, நேர்ல மட்டும் வரமாட்டாங்களா?" என்றான். "நீ ஹாரன் அடிக்கிற அடியில அவ எப்படி இந்தப் பக்கம் வருவா?" என்று வாயை அடைத்தேன்.

தினம் சாயங்காலம் முகம் மழித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் உட்காருகிறேன். தொண்டர் பெண் பார்த்துவிட்டுக் கேலி செய்தாள். "அதுக்குக் கண்ணு இல்லைங்க." எனக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு மரியாதைதானே. நீ கேட்டதும் பதில் சொல்லிவிட்டு, உனக்குத் தெரியாத ஊர்ச் செய்தியும் இரண்டு சொல்வேன். பெட்டி அதற்குள் அணைந்திருக்கும்.

உடம்பு தேறிவிட்டது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? எடை ஏறியிருக்கிறது. பலகையே சொல்கிறது. செருப்பு வார் எட்டவில்லை, பெரியதாக ஒன்று எடுக்க வேண்டும். பம்ப் ஹவுஸ் படியில் ஏறும்போது பாதியில் நின்று ஊரைப் பார்க்கிறேன். இத்தனை வருஷம் ஏறி இறங்கியும் இந்த ஊர் இவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் படுத்தால் என்னவோ இடைஞ்சலாக இருக்கிறது, அதனால் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிவிடுகிறேன். அதுவும் வசதிதான்.

மழை பிடித்துவிட்டது. நீ அவசரப்பட்டு வராதே, பாதை வழுக்கும்.

இப்படிக்கு,
பம்ப்காரன்


ஜூன் 25

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைப் படித்தேன். செருப்பு சிறுத்துப்போகவில்லை, உங்கள் கால் வீங்கியிருக்கிறது. ஏறியது சதை இல்லை, நீர். இதயம் தள்ளாத தண்ணீர் காலிலும் நெஞ்சிலும் தேங்குகிறது, அதனால்தான் படுக்க முடியவில்லை. பாதிப் படியில் நீங்கள் ஊரைப் பார்க்க நிற்கவில்லை, மூச்சு வாங்க நிற்கிறீர்கள். இதெல்லாம் பாடம் படித்து எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எதிர் மேஜைத் திரையில் நீங்கள் பச்சையாக இருந்தீர்கள்.

உடனே டாக்டரிடம் சொன்னேன். அவர் தொண்டரை அனுப்பினார். அவள் வந்தபோது நீங்கள் வாசலில் நின்று சிரித்து, "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நர்சம்மா சும்மா பதறுறா" என்று அனுப்பிவிட்டீர்கள். முழுக்கால் சட்டை போட்டிருந்தீர்களாம்.

பிறகுதான் விதியை மீறி, உங்கள் பதில்களைப் போட்டுக் கேட்டேன். முதல் நாளிலிருந்து ஒரே வார்த்தை. "பரவாயில்லை." அதைப் பச்சையில் போட்டது நான். காய்ச்சல் விட்டவர்களைக் கேட்டால், "இப்ப பரவாயில்லை" என்றுதானே சொல்வார்கள்? தேறிவருகிறார்கள் என்று அர்த்தம். மேஜையில் இருந்த எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். என் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. பம்ப் பெல்ட்டில் விரல் சிக்கி நகம் பிய்ந்த அன்று பரவாயில்லை. உங்கள் அம்மாவை எடுத்த அன்று பரவாயில்லை. நான் இந்த வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டபோதும், "பரவாயில்லை, போயிட்டு வா." போ என்கிறீர்களா, போகாதே என்கிறீர்களா என்று பஸ் கிளம்பும்வரை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பெட்டியிலிருந்து என் குரலை எடுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் ஸ்டோர்கீப்பர் பேசுவார். கரகரத்த குரல், யாரையும் யாருக்கும் நினைவுபடுத்தாது. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவரிடமாவது சொல்லுங்கள்.

நான்


ஜூலை 9

நர்சம்மாவுக்கு,

கவலைப்படாதே. பிழைத்துவிட்டேன்.

உன் கடிதத்துக்கு முன்பே அந்த ஆள் வந்துவிட்டான். அன்று சாயங்காலமும் மழித்து உட்கார்ந்திருந்தேன். "வணக்கம். உடம்பு எப்படி இருக்கு?" என்று ஒரு கரகரப்பு. சாக்கு மூட்டையை இழுத்த மாதிரி. தூக்கிவாரிப் போட்டது. முதலில் கோபம்தான் வந்தது. "எப்படி இருந்தா உனக்கென்னய்யா?" என்றேன். அதற்குமேல் என்ன ஆனதென்று தெரியவில்லை, கொட்டிவிட்டேன். மூச்சு முட்டுகிறது என்றேன். முடியவில்லை என்றேன். காலை அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது என்றேன். பாதியில் பெட்டி அணைந்துவிட்டது. கேட்ட வரைக்கும் போதுமாக இருந்ததாம், திரை சிவந்துவிட்டதாம்.

தொண்டர் பெண் வீட்டில் இருக்கிற பெட்டியிலும் சிவப்பு எரிய, அவள் கொட்டுகிற மழையில் மேட்டுக்கு ஏறி டாக்டரோடு பேசிவிட்டு ஊசியோடு ஓடி வந்தாள். கீழே கொண்டுபோக வழியில்லை, பாதை சரிந்து கிடந்தது. தினமும் அவள் மேட்டுக்குப் போய் டாக்டரிடம் கேட்டு வந்து மருந்தைக் கூட்டினாள், குறைத்தாள். வைத்தியம் முழுக்க அப்படித்தான் நடந்தது. இப்போது கால் வடிந்துவிட்டது. கட்டிலில் படுக்கிறேன், தலையணை இரண்டு வைத்து. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

நீ செய்தது சரி. சட்டை மாற்றுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

சரிவு வரைக்கும் ஜீப்பில் வந்து, அந்தப் பக்கமிருந்து மருந்துப் பையைக் கைமாற்றுகிறான் ஹாரன். கடிதங்கள் அப்படித்தான் போய் வருகின்றன.

இப்படிக்கு,
பம்ப்காரன்


ஜூலை 16

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை எதிர் மேஜைக்காரியிடம் படித்துக் காட்டினேன். "சாக்கு மூட்டை" என்ற இடத்தில் இருவரும் சிரித்தோம். பிறகு அவள்தான் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

'பரவாயில்லை' என்ற வார்த்தையை எந்த நிறத்தில் போடுவது என்று இங்கே பெரிய வாக்குவாதம். மஞ்சள் என்கிறார்கள், சிவப்பு என்கிறார்கள். எனக்கு அதில் உட்காரவே பிடிக்கவில்லை.

நான் வருகிறேன். வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன், எழுதிக் கொடுப்பதுதான் பாக்கி. இந்த மாதக் கடைசி சனிக்கிழமைக்குள் பாதை திறந்துவிடுமாம். ஜீப்பில் வந்துவிடுவேன். எத்தனை ஊர்க்காரர்களையோ திரையில் பார்த்துக்கொண்டு, என் வீட்டு மனிதரைக் கோட்டைவிட இருந்தேன். இனி நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். நான் நர்ஸ். நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நான் வீட்டில் விட்டுவந்த நீலச் சேலையை இன்னும் வைத்திருக்கிறீர்களா? இங்கே ஒன்றும் வாங்கவில்லை.

இங்கே,
உங்கள் நான்


ஜூலை 23

என் அன்புள்ள உனக்கு,

சேலை இருக்கிறது. வெயில் வந்த நாளில் உதறிப் போட்டேன்.

ஆனால் நீ வராதே. வேலையை விடாதே. முதலில் முழுக்கப் படி, பிறகு கோபப்படு.

முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன் என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாய். வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் நெஞ்சில் மறுபடியும் வலித்தது. நீ வெந்நீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரரிடம்தான் அதைச் சொன்னேன். அவர்தான் டாக்டரைக் கூப்பிட்டார். நீ திரும்பி வந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன், நீயும் நம்பிவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ கெட்டிக்கார நர்ஸ்தான். நான் உன்னைவிடக் கெட்டிக்காரன், கல்யாணமானதிலிருந்து இதில் பழகியவன்.

உன் முகம் சுருங்கினால் என்னால் தாங்க முடியாது. அது பாசமா, வீம்பா, எனக்கே தெரியவில்லை. உன் குரலிடமே உண்மை சொல்ல முடியாதவன், நீயே எதிரில் உட்கார்ந்தால் என்ன சொல்வேன்? அந்தக் கரகரப்புக்காரனிடம் எல்லாம் வருகிறது. நேற்று அவனிடம், பயமாக இருக்கிறது என்று சொன்னேன். வாய்விட்டு யாரிடமும் நான் அதைச் சொன்னதே இல்லை. அதற்கு நீங்கள் என்ன நிறம் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை.

இதைக்கூட உனக்கு எழுத முடிகிறதென்றால், நீ அங்கே இருப்பதால்தான்.

நான் கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாய். நானும் நினைக்கிறேன். அதற்கு நீ இங்கே இல்லாமல் இருந்தால்தான் முடியும். இதை எழுதுவதற்கு நான்கு காகிதம் கிழித்தேன். இதைவிட நல்லபடியாகச் சொல்ல வரவில்லை.

சனிக்கிழமை ஜீப்பில் ஏறாதே. நீ வந்தால், ஜீப் நின்றதும் நான் சிரித்துக்கொண்டே வாசற்படி இறங்கி வருவேன். வேண்டாம் வேண்டாம் என்று நீ சொல்லச் சொல்ல, உன் கையிலிருக்கிற பையை வாங்கிச் சுமந்துகொண்டு மேலே ஏறுவேன். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

உன்,
பம்ப்காரன்