அரசர் வலிக்கு அபின் வேண்டாம், வெண்பட்டை வேண்டும்

நலம் பெருகுக. ஏழு துறை காக்கும் வெண்கரை நாட்டுக் கோமான் நெடுங்கண்ணக்கோவின் முதலமைச்சன் மதிகண்டன், கூடற்குன்றத் தலைவர் எயினங்கோவுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குன்றும் சுனையும் ஆநிரையும் வாழ்க. தங்கள் குடியை நோய் அணுகாதிருக்க. இன்னும் நீட்டி வாழ்த்துவதே முறை. நேரமில்லை, பொறுத்தருள்க.

நேற்று உச்சிப்பொழுது முதல் அரசருக்குக் கல்லடைப்பு. விலாவில் எழுந்த வலி அடிவயிற்றுக்கு இறங்கி, யானைமேல் நிமிர்ந்திருந்தவரைத் தரையில் புரட்டுகிறது. நாளை கதிர் சாய்வதற்குள் கீழைக்கரைத் தூதர் முன் அவர் தம் வாயால் போர்நிறுத்தம் உரைக்க வேண்டும். அபின் மயக்கத்தில் சொன்ன சொல் இரு நாட்டு அவையிலும் செல்லாது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பொழுது தப்பினால் போர்தான்.

ஆயினும் வேறு வழியின்றி அபினையே கொடுத்தோம். முதல் உருண்டையில் வலி சற்று மங்கியது, உடனே வாந்தி வந்தது. இரண்டாவதில் கண் செருகி, இறந்துபோன தமையனை அழைத்துப் பேசினார். தெளிந்தபோது வலி இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாவதைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. மூச்சு தளர்கிறது.

குற்றம் என்னுடையது. அரசருக்குரிய மருந்தை அமைச்சன் முன்னதாக உண்டு பார்ப்பது இங்குள்ள வழக்கம். மருத்துவர் கோதைநங்கையார் சென்ற ஆண்டு வெண்பட்டை என்னும் மரப்பட்டையின் கஷாயத்தைக் கொணர்ந்து, கல்லடைப்பால் துடித்த வாயிற்காவலன் அதைக் குடித்து அரை நாழிகையில் எழுந்து நடந்தான் என்றும், அவன் அறிவு சற்றும் மயங்கவில்லை என்றும் உரைத்தார். நான் அபின், கஷாயம் இரண்டையும் உண்டு பார்த்தேன். அபின் சுகமாக உறங்க வைத்தது. கஷாயம் வயிற்றை எரித்தது. சோறு உண்டபின் குடிக்குமாறு அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. கஷாயத்தை நஞ்சென்று தீர்த்து, அவரை நாட்டைவிட்டு விலக்கினேன். ஒரு வலியும் இல்லாத உடம்பில் வலிமருந்தை எடைபோட்ட மூடன் நான்! அந்தக் காவலனைக் கூப்பிட்டு இன்று காலையில்தான் கேட்டேன். அவர் சொன்னது அத்தனையும் மெய்.

கோதைநங்கையார் தங்கள் குன்றில் இருப்பதாக அறிகிறேன். அரசர் மறுபடியும் அலறுகிறார், எழுத்தாணி கோணுகிறது. ஓலை கண்ட கணமே அம்மருத்துவரை வெண்பட்டையோடு விரைகுதிரையில் அனுப்புக. அவருக்கு ஆணையிடும் தகுதி எனக்கில்லை, ஆகையால் என் பொருட்டுத் தாங்கள் அவரை வேண்டுக. அவர் மறுத்தால், என் குற்றம் எழுதிய வரிகளை ஊர் கேட்க உரக்கப் படித்துவிட்டு, மறுபடியும் வேண்டுக.

இவ்வோலையில் அரச முத்திரை இல்லை. வலியில் இறுகிய அரசரின் கை விரிய மறுக்கிறது. முத்திரை மோதிரத்தைக் கழற்ற இயலவில்லை. முத்திரையில்லாத ஆணைக்குத் தாங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை என்பதையும் அமைச்சனாகிய நானே எழுதுகிறேன். ஆனாலும் அனுப்புக.

இப்படிக்கு, மதிகண்டன் கைச்சாத்து.