நாளைக்கு மாடுகள் போகின்றன, மாமா

அன்பான மாமா,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். உங்களிடம் அதைக் கேட்க முடியாது. எங்களுக்குக் களைப்பாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாளைக் காலை லொறி வருகிறது. மாடுகள் எல்லாம் கீழ் ஊர்ப் பண்ணைக்குப் போகின்றன. இனி எங்கள் நிலத்தில் புல் மட்டும்தான். பால் கறக்கும் வேலையை விடாவிட்டால் தோள் தேறாது என்று உங்கள் மகன் ஏரிக்கிடம் வைத்தியர் சொல்லி எத்தனையோ மாதம். அவர் கேட்கவில்லை. இப்போது தேநீர்க் கோப்பையை இடது கையால் தூக்குகிறார். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

மாமியோடு சுவீடனிலிருந்து சுவிசின் இந்த யூரா மலைக்கு வந்து, யாரோ ஒருவரின் பண்ணையில் கூலிக்கு நின்று, பிறகு இந்தப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தீர்கள். ஊரார் கடைசிவரை உங்களைச் ‘சுவீடன்காரன்’ என்றுதான் சொன்னார்கள். மாட்டுக் கொட்டிலுக்கு உங்கள் ஊர் வழக்கப்படி சிவப்புச் சாயம் அடித்ததை இன்னும் மன்னிக்கவில்லை. போதாததற்கு யாழ்ப்பாணத்து மருமகளாக நானும் வந்து சேர்ந்தேன்.

என் அம்மா கல்யாணத்தன்று உங்கள் முன்னாலேயே கேட்டா: “மாடு பாக்கவோ பிள்ளை சுவிசுக்கு வந்தனீ?” உங்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லை நீங்கள் எடுத்துவிட்டீர்கள்: “ஓம்.” அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் வந்த முதல் நத்தார்ப் பண்டிகை ஞாபகம் இருக்கிறதா? உங்கள் ஊர் நம்பிக்கைப்படி கண்ணுக்குத் தெரியாமல் கொட்டிலைக் காக்கிற குட்டி மனிதருக்கென்று பாற்சோற்றில் வெண்ணெய் போட்டுக் கொட்டிலில் வைத்தீர்கள். படைத்ததை எடுத்துப் பகிர்வதுதானே எங்கள் வழக்கம். கொஞ்சம் பொறுத்து எடுத்து வந்து எல்லாருக்கும் பரிமாறினேன். மாமியின் முகம் வெளுத்துவிட்டது. குட்டி மனிதரின் பங்கை யாரும் தொடக்கூடாதாம். நீங்கள் மட்டும் வழித்துச் சாப்பிட்டீர்கள். அன்றைக்குத்தான் இது என் வீடு என்று எனக்குப் பட்டது.

போன கிழமை சாப்பாட்டு மேசையில் நாங்கள் பிரெஞ்சில் கதைத்ததை என் தமிழில் எழுதுகிறேன்.

“அப்பா இருந்தா மாடுகளை விடுவாரோ?” என்றார் ஏரிக்.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மாமி நிமிரவில்லை. “விடமாட்டார். அதாலதான் அவரின்ர முதுகும் போனது.”

உண்மையாகவே கேட்கிறேன் மாமா, போதும் என்று உங்களுக்கு ஒரு நாளும் தோன்றவில்லையா? தோன்றியிருந்தால் யாரிடமாவது சொல்லியிருக்கலாமே.

வாங்குகிறவருக்கு நான்தான் தொலைபேசி எடுத்தேன். ஏரிக் பக்கத்தில்தான் நின்றார். விற்போம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். கிழவன் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் மகன் விற்கிறான் என்று ஊரில் கதை தொடங்கிவிட்டது. அது அவர் காதில் விழுந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கு அவரை வெளியே வர விடமாட்டேன். கயிற்றை நான் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றுவேன், ஊரார் பார்க்கட்டும். எங்கிருந்தோ வந்த மருமகள் விற்றுப்போட்டாள் என்று சொல்லட்டும். பின்னாளில் எங்கள் பிள்ளைகள் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஏரிக் உங்கள் மாடுகளை விற்கவில்லை, மாமா. கோபம் இருந்தால் என்னோடு கோபியுங்கள்.

உங்கள் மாடுகளை விற்ற மருமகள்,
சுகந்தி