கழுத்துக்கு வைத்த குறி

தெல்தெனிய,
றஜப் மாதம், வெள்ளிக்கிழமை.

பிரியமுள்ள மச்சான் முஹைதீன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ருக்கியாவின் கணவனும், உங்களிடம் வேட்டைத் துவக்குப் பிடிக்கப் பழகியவர்களில் ஆகக் கடைசி ஆளுமான ஹுஸைன் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். என் வலது தோள் மட்டும் சுகமில்லை. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பன்வில மலையில் கோப்பி பூத்துவிட்டது. தூரத்தில் பார்த்தால் யாரோ சோற்றைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. வண்டிகள் நம் கடை வாசலில் நின்றுதான் போகின்றன. வண்டிக்காரர்கள் உங்களைக் கொழும்புக் களஞ்சியத்தில் பார்த்ததாகவும், கோப்பி மூட்டைகளுக்கு நடுவே யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பதாகவும் சொல்கிறார்கள். ருக்கியா அதைக் கேட்டால் அன்று கறிக்கு உப்புப் போட மறந்துவிடுகிறாள். ஆகையால் உங்கள் சோகத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நீங்கள் ஊரை விட்டுப் போன காரணத்தை நான் மறுபடி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஊரே அதைச் சொல்லிக்கொண்டிருப்பதால் எழுதாமல் விடுவதிலும் பயன் இல்லை. றமீலாவைப் பெண் கேட்டு, அவளுடைய வாப்பா ஜவாஹிர் ஹாஜியாருக்குக் காட்டிலிருந்து ஒரு மரை மான் சுட்டுக் கொண்டுவருவதாகச் சொன்னீர்கள். சொன்னபடி கொண்டும் வந்தீர்கள். முற்றத்தில் இறக்கி வைத்ததும் ஹாஜியார், "கத்தி வெக்கக்குள்ள உசிரு ஈந்ததா?" என்று கேட்டார். நீங்கள், "இல்ல ஹாஜியார், குண்டு பட்ட எடத்திலேயே பெய்த்து" என்றீர்கள். அறுக்கும் முன்னே உயிர் போனது நமக்கு ஆகாதே. அவ்வளவு பெரிய மரை தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனது. ஹாஜியார் வந்திருந்தவர்களைப் பார்த்து, "இவனுக்குப் பொண்ணக் குடுத்தா, அவளுக்கு ஆயுசு முழுக்க கொம்பும் தோலும்தான்" என்றார். சபை சிரித்தது. மறுநாள் நீங்கள் வண்டியேறிவிட்டீர்கள்.

இப்போது கண்டியிலிருந்து புடவைக் கடைக்காரர் ஒருவர் தன் மகனுக்கு றமீலாவைக் கேட்டு வந்திருக்கிறார். பையனை நான் பார்த்தேன். துவக்கு எந்தப் பக்கம் வெடிக்கும் என்று தெரியாதவன். ஆனால் சால்வை மிக நன்றாக இருந்தது. நோன்புக்கு முன்னால் பதில் சொல்வதாக ஹாஜியார் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கே ருக்கியா உங்கள் துவக்கை இறக்கி என் மடியில் வைத்தாள். "நானாட பேரு கெட்டுக் கெடக்குது. அவரு பழக்கின ஆளு நீங்க. ஹலாலா ஒரு மரை அந்த வீட்டு முத்தத்துக்குப் போகணும்" என்றாள். நான் கடையில் வேலை இருக்கிறது என்றேன். கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

மச்சான், உங்கள் வேட்டையையும் என் வேட்டையையும் நான் பலமுறை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். நீங்கள் காட்டில் நடந்தால் சருகுக்குத் தெரியாது. நான் நடந்தால் மடுல்கெல்லவில் இருக்கும் குரங்குகூட யார் வருகிறது என்று எட்டிப் பார்க்கும். மூச்சை அடக்கு என்று பழக்கினீர்கள். அடக்கினால் எனக்கு இருமல் வருகிறது. அட்டை கடித்தாலும் அசையாதே என்றீர்கள். கடித்தால் அசையாமல் இருக்க எனக்குத் தெரியும். ஆனால் கடிக்குமோ என்று நினைத்தாலே அசைந்துவிடுகிறேன். நீங்கள் ஒரு வெடி வைத்தால் ஒரு மிருகம். நான் ஒரு வெடி வைத்தால் மலை முழுவதும் காலி.

துணைக்குத் தோட்டத்துக் காவல்காரர் வீரையாவைக் கூட்டிக்கொண்டேன். உங்களால் ஆண்டுக்கணக்காக மரை இறைச்சி சாப்பிட்டவர் அவர். கையில் பெரிய சாக்கோடு வந்தார். எதற்கு என்று கேட்டேன். "பெரிய மொதலாளி சுட்டா முழு மரையும் லயத்துக்குத்தானே வரும். நீங்க அவர்கிட்டதானே படிச்சீங்க" என்றார். என்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த முதல் மனிதர் அவர்தான்.

விடியும் நேரத்தில் கோப்பிச் செடிகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு மரை வந்து நின்றது. காற்று எங்கள் பக்கம் அடித்தது. நீங்கள் சொல்லித்தந்த எல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது. கழுத்துக்குத்தான் குறி வைத்தேன், மச்சான். பிறகு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன் என்று வீரையா சொல்கிறார். துவக்கு உதைத்த உதையில் நான் ஒரு கோப்பிச் செடிமேல் மல்லாந்து கிடந்தேன். தலையெல்லாம் பூ. "மாப்பிள மாதிரியே இருக்கீங்க. எந்திரிங்க, மரை கானுக்குள்ள விழுந்துருச்சு" என்றார் வீரையா.

குண்டு பின்னங்காலில் பட்டிருந்தது. தண்ணீர் ஓடுவதற்கு வெட்டிய கானுக்குள் விழுந்து, எழும்ப முடியாமல் கிடந்தது. நான் கத்தியோடு ஓடினேன். பிஸ்மில்லாஹ் சொல்லி முறைப்படி அறுத்தேன். அதற்கு முன் அது என்னை ஒரு தடவை பார்த்தது. மச்சான், நீங்கள் சுட்ட எந்த மிருகமும் உங்களை அப்படிப் பார்த்திருக்காது. அதற்கு நேரம் இருந்திருக்காது. உங்கள் குறியில் எவ்வளவு இரக்கம் இருந்தது என்று கானுக்குள் நின்றுதான் எனக்குப் புரிந்தது.

நிமிர்ந்து பார்த்தால் வீரையாவின் முகம் வாடியிருந்தது. "உசுரோட பிடிச்சுட்டீங்களே மொதலாளி" என்றார், நான் ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல. ஒரு தொடையை வெட்டிக் கொடுத்தேன். சாக்கைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், "பெரிய மொதலாளி எப்ப வருவாரு?" என்று கேட்டார். லயமே உங்களுக்காகச் சாமி கும்பிடுகிறதாம்.

மற்றதையெல்லாம், ருக்கியாவையும் கூட்டிக்கொண்டு, ஹாஜியார் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அதே கேள்வியைக் கேட்டார். உயிர் இருந்தது என்றேன். குண்டு பட்ட காலைப் பார்த்தார். வந்திருந்தவர்களும் பார்த்தார்கள். ஒருவர், "காலப் பாத்தே சுட்டிருக்கான். அறுக்கணும்னு யோசிச்சுச் சுட்ட வெடி" என்றார். இன்னொருவர், ஓடுகிற மரையின் காலில் அடிக்க இந்தத் தும்பறைப் பகுதியிலேயே ஆள் இல்லை என்றார். மரை ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தது. ஆனால் என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். சபையில் எனக்கு வாய் வராது. நான் பேசாமல் இருக்க இருக்க என் புகழ் வளர்ந்துகொண்டே போனது. சோறு வந்தது, கறி வந்தது, புகழும் நிற்கவில்லை.

கடைசியில் ஹாஜியார் ஒரு எலும்பைக் கடித்துக்கொண்டே, "ஹுஸைன், முஹைதீன இனி ஒங்கிட்ட வந்து படிக்கச் சொல்லு" என்றார்.

அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. எப்படி வாய் திறந்தேன் என்று தெரியாது. "ஹாஜியார், நான் கழுத்துக்குத்தான் குறி வச்சேன்" என்றேன்.

ஹாஜியாருக்குப் புரையேறியது. தண்ணீர் கொடுத்தார்கள், முதுகில் தட்டினார்கள். சபை சிரித்த சிரிப்பில் வாசலில் கட்டியிருந்த, பொதி சுமக்கும் தவள மாடுகள் மிரண்டன. உள்ளே பெண்கள் பக்கத்திலும் சிரிப்புக் கேட்டது. ருக்கியாவின் சிரிப்பு எனக்குத் தனியாகத் தெரியும். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, மச்சான் சுட்ட எந்த மிருகமும் நொண்டியது கிடையாது என்பதையும் சொல்லி முடித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் ஹாஜியார் கடித்த எலும்பைத் தட்டில் வைத்தார். பிறகு மெதுவாக, "அண்டைக்கி அவன் உசிரு ஈந்ததுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தின்டிருப்பேன். எனக்கு எப்படித் தெரியும்? பொண்ணு கேட்டு வந்த எடத்துல, பொண்ணு போனாலும் பரவாயில்லன்னு உண்மையச் சொல்லியிருக்கான். நான் அவன வச்சுச் சிரிச்சிருக்கேன்" என்றார். அவர் கை கழுவப் போகும்போது என் பக்கத்தில் நின்று, "கொழும்புல அவனுக்கு என்ன பெரிய வேல?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "அப்ப வரலாம்தானே" என்றார்.

அவர் உங்களுக்கு எழுதமாட்டார். வயதும் ஹஜ்ஜும் விடாது. அந்தக் கேள்வியைக் கடிதமாக நினைத்துக்கொள்ளுங்கள். புடவைக் கடைக்காரருக்கு இன்னும் பதில் போகவில்லை. ருக்கியா உள்ளே றமீலாவோடு உட்கார்ந்து சாப்பிட்டாளாம். றமீலா உங்கள் பேரைச் சொல்லவே இல்லையாம். கை கழுவும்போது மட்டும், "கொழும்புல மரை இல்லையாமே ராத்தா?" என்று கேட்டாளாம். இதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டேன். ருக்கியா என்னைப் பார்த்த பார்வையில், வேட்டையில் மட்டும் இல்லை, மற்ற விஷயத்திலும் எனக்குக் குறி போதாது என்று தெரிந்தது.

கல்யாண விருந்துக்கு மரை வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். ஒரு வழி யோசித்திருக்கிறேன். நீங்கள் தடம் பார்த்து என்னைக் கொண்டுபோய் நிறுத்துங்கள், கத்தியோடு முன்னால் தயாராக இருங்கள். துவக்கை என்னிடம் கொடுத்துவிடுங்கள். மரை ஒரு கணத்துக்கு மேல் நோகாமல் உங்கள் கத்தி பார்த்துக்கொள்ளும். வீரையாவுக்கு இதைச் சொல்லவில்லை; அவர் மனம் உடைந்துவிடும். அவருக்காக வேறொரு நாள் நீங்கள் தனியாகப் போய்வாருங்கள்.

நாளைக்குப் புறப்படும் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதே வண்டி திரும்பி வரும்போது அதில் அரிசி மூட்டை குறைவாக ஏற்றும்படி சொல்லியிருக்கிறேன். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருக்கும்.

அல்லாஹ் உங்கள் கண்ணுக்கும் கைக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். குறியை மட்டும், நம் வீட்டுச் சட்டிக்காக, எப்போதாவது கொஞ்சம் தவறவிடட்டும்.

உங்கள் மாணவன்,
தோள் வீங்கிய,
ஹுஸைன்.