காலர் அழுக்கு

நம் குண்டுமணியின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதித்தான் எப்போதும் தொடங்குவேன். இன்று அந்த வரியில் பேனா கொஞ்சம் தயங்குகிறது. பதறாதீர்கள், யாரும் படுத்துக் கிடக்கவில்லை. உங்கள் மகள் இதோ என் வெட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருக்கிறாள். போனில் சொன்னால் அவள் காதில் விழும். நீங்களும் "அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

போன மாதம் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பத்து வயதுக்கு என்ன ரத்த அழுத்தம் வேண்டிக்கிடக்கிறது என்று நானே கிண்டல் செய்தேன். ரத்தப் பரிசோதனை செய்து டாக்டரைப் பார்க்கச் சொல்லி இவள் கையில் ஒரு சீட்டு வந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, குழந்தைகள் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் டேப்பை எடுத்து இவள் இடுப்பை அளந்தார். தையல்காரி கண் முன்னாலேயே டேப் பிடிக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு. எண்ணைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. இரண்டு வருஷத்தில் இவள் பள்ளிப் பாவாடையின் நீளத்தை ஒரு தடவைதான் இறக்கினேன். இடுப்பை நாலு தடவை பிரித்துத் தளர்த்தினேன். வளர்கிற பிள்ளைதானே என்று நினைத்தேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அளவு நோட்டு வைத்திருக்கிறேன், சொந்தப் பிள்ளைக்கு வெறும் கண்ணளவு!

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். இடுப்பு கொஞ்சம் கூட. ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட. ரத்தத்தில் கொழுப்பும் அப்படியே. சர்க்கரை எல்லைக் கோட்டில். "தனித்தனியா பார்த்தா எதுவுமே பெரிசில்லம்மா. ஆனா நாலும் ஒரே பிள்ளைகிட்ட கூட்டு சேர்ந்து நிக்குது. இப்படியே விட்டா, பெரியவளானதும் சர்க்கரை நோய், இதயக் கோளாறுன்னு இழுத்துட்டு வந்துடும்" என்றார். இன்னும் நோய் ஆகவில்லை, திருப்பிவிடலாம், இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்றும் சொன்னார்.

பிறகு இவள் பின்னலைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார். அங்கே அந்தக் கறுப்புப் பட்டை. ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று தினமும் கத்துவேனே, அதேதான். ஒருநாள் நாரை வைத்துத் தேய்க்கும்போது, "வலிக்குதும்மா, அது அழுக்கில்லம்மா" என்று அழுதாள். வாயாடாதே என்று இன்னும் இரண்டு தேய் தேய்த்தேன், பாவி. அது அழுக்கே இல்லையாம். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் உடம்பு திணறும்போது சில பேருக்குக் கழுத்தில் அப்படித் தெரியுமாம். இவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அங்கேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டுக் கதறலாம் போல இருந்தது.

இப்போது வீட்டில் சட்டம் மாறிவிட்டது. பாட்டில் பானங்கள் வாசற்படி ஏறுவதில்லை. தட்டில் பாதி காய். இவளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு கூடாது, வீடே மாற வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு. சாயங்காலம் தையலை நிறுத்திவிட்டுப் பூங்காவைச் சுற்றி நடக்கிறோம். மூன்றாவது சுற்றில் எனக்குத்தான் நாக்குத் தள்ளுகிறது. இவள் முன்னால் போய் நின்றுகொண்டு, "வாங்க பாட்டியம்மா, வாங்க" என்கிறாள். கொழுப்பைப் பாருங்கள்! உடம்பைச் சொல்லி யாரும் இவளைக் கேலி செய்யக் கூடாது என்றும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். குண்டுமணி என்ற பேரை விட்டுவிடலாமா என்று கேட்டேன். "அது அப்பா வச்ச பேரு. யாரும் கைவைக்கக் கூடாது" என்றுவிட்டாள்.

இனி உங்கள் விஷயம். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். உங்கள் அப்பா வேலைக்குப் புறப்பட்டு, செருப்பை மாட்டும்போதே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்ததைச் சொன்னேன். குழந்தையோட அப்பா எப்படி என்றார். நல்லா இருக்கார் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. உங்கள் கழுத்து ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் அங்கே வேலைக்குப் போகும்வரை பத்து வருஷம் உங்கள் சட்டைக் காலரைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கழுத்தில் இருந்த பட்டையும் கிரேன் மசகு எண்ணெய் என்றே நினைத்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிற மனுஷனுக்குப் பின்கழுத்தில் மசகு எப்படி ஒட்டும்? ஒரு நாளாவது இதை நான் யோசித்தேனா? போன கடிதத்தில் வேறு, புதுச் சட்டைக்கு வயிற்றில் இரண்டு இஞ்ச் கூட்டித் தைக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

இந்தப் பார்சலில் சட்டை இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் டேப்பை வைத்திருக்கிறேன். வயிற்றை உள்ளே இழுத்து ஏமாற்றாமல் அளந்து எழுதுங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, அழுத்தமும் பார்த்து, அந்தச் சீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். அது வந்த பிறகுதான் துணியில் கத்தரி வைப்பேன். உங்களுக்கென்று நீலப் பொத்தான்களை இவள் இப்போதே பொறுக்கி எடுத்துவிட்டாள்.

வருகிற மாதம் உங்களுக்கு நாற்பத்திரண்டு. உங்கள் அப்பா போன வயது. நீங்கள் அதைத் தாண்டி வர வேண்டும். அந்தக் காலரைத் தேய்க்க எனக்கு இன்னும் நாற்பது வருஷமாவது வேண்டும்.

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்தபடி,
உங்கள் தையல்காரி