மச்சாள் கலந்த வாசமில்லாத் தண்ணீர்

அன்புள்ள மச்சாள்,

நாளை உங்கள் முப்பத்தொன்று, நீங்கள் போய் முப்பத்தோராம் நாள். உங்களைக் கட்டிய அண்ணனுக்குக் கத்தாரில் லீவு கிடைக்கவில்லை. கொள்ளிக்குடம் சுமந்தவன் நான் என்பதால், ஒரு மாதத் தாடியோடு இதை எழுதுகிறேன். இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்திருந்தால் என்ன பேர் வைத்திருப்பீர்கள்?

என் தோலின் சீர் உங்களுக்குத் தெரியாததா? சவரக்கத்தி பட்டால் கழுத்து முழுக்கச் சிவந்து தடித்துவிடும். கடை லோஷனைப் பூசினால் நெருப்பு வைத்த மாதிரி எரியும். மழிக்காமல் இருக்கவும் வழியில்லை. வாவிக்கு அக்கரையில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போக, குருக்கள்மடத்துத் துறையில் ஆமிக்காரரிடம் அடையாள அட்டையைக் காட்டித்தான் பாதையில், அந்த மிதவைப் படகில், ஏற வேண்டும். அட்டையில் இருப்பதோ மழித்த முகம். நாலு நாள் தாடியோடு போன அன்று பின்னேரம் வரை என்னை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். அப்படி நிறுத்தப்பட்ட சிலர் வீடு திரும்பாத காலம் இது.

அதற்குப் பயந்து மறுநாள் அழுத்தி மழித்துக்கொண்டு வந்தேன். "என்ன மச்சான், கழுத்தில முருக்கம்பூ பூத்திருக்கு?" என்று சிரித்தீர்கள்.

"சிரியுங்க மச்சாள். என்னைப் பிடிச்சுக்கொண்டு போனா மறுகா ஆரைப் பாத்துச் சிரிப்பீங்க?"

சிரிப்பு அதோடு நின்றது. புளியந்தீவு மருந்துக்கடையில் மருந்து கலக்கிற கை அல்லவா, அந்தக் கிழமையே வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். முதல் தடவை படிகாரம் கூடி, என் முகம் மேளத்தோல் போல இழுத்துக்கொண்டது. இரண்டாம் தடவை கற்றாழையின் மஞ்சள் பாலை வடியவிட மறந்து, அதை உங்கள் கழுத்திலேயே பூசிப் பார்த்து, பகல் முழுக்கச் சொறிந்துகொண்டு திரிந்தீர்கள். எனக்குத் தருமுன் உங்களில் பூசிப் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது?

மூன்றாவது சரியாக வந்தது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கோப்பை, கரண்டி நுனியில் நிற்கிற அளவு படிகாரத்தூள், கிளிசரின் ஒரு தேக்கரண்டி, பால் வடித்துக் கழுவிய கற்றாழைச் சோற்றைத் துணியில் பிழிந்து இரண்டு கரண்டி. ஒரு கிழமைக்குமேல் வைக்கக் கூடாது. மணமில்லாத லோஷன் என்ன லோஷன் என்று, காத்தான்குடியில் வாங்கிய அத்தரில் இரண்டு சொட்டு விட்டு மறுபடியும் வெந்துபோனவன் நான். "அழகு காட்டப் போறீங்களா, ஆத்தக் கடக்கப் போறீங்களா?" என்று நீங்கள் ஏசியது இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் வாசமில்லாததே ஒரு நாள் வினையாகிவிட்டது. மழைக்காலத்தில் நான் அக்கரையிலேயே தங்குவதால் போத்தலைப் பையில் வைத்திருந்தேன். நீங்களும் கோயிலுக்கென்று கூட வந்தீர்கள். ஆமிக்காரர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். "மணம் இல்ல. மருந்தா?" இயக்கக்காரர் இருக்கும் அக்கரைக்கு மருந்து கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால் நான் உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் போத்தலை வாங்கி, உங்கள் முகத்திலும் கழுத்திலும் பூசிக் காட்டினீர்கள். அதோடு விட்டீர்களா? அவர் கழுத்தை உற்றுப் பார்த்து, "உங்களுக்கும் பூத்திருக்கே, கையை நீட்டுங்க" என்றீர்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

அடுத்த கிழமை அவருடைய மேசையில் ஒரு வெறும் போத்தல் இருந்தது; நிரப்பித் தரச்சொல்லி என் கையில் தந்தார். "அவனுக்குமா?" என்று நான் வீட்டில் வந்து கத்தினேன்.

"உங்களுக்கு எரியிற மாதிரித்தானே அவனுக்கும் எரியும். கொண்டாங்க போத்தல," என்றீர்கள். உங்கள் நெஞ்சில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் வேறொரு மனிதனாக இருந்திருப்பேன், மச்சாள்.

மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து பள்ளிக்கூடம் போகப் புறப்பட்டபோது, மழித்துவிட்டுப் போ, குற்றமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. தாடியோடு துறையில் நின்றேன். அதே ஆமிக்காரர்தான். அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் சேவ் இல்ல?"

"மச்சாள் செத்துப்போனா."

"போத்தல் அக்கா?"

தலையாட்டினேன். அட்டையை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். அன்றிலிருந்து என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. நேற்று கவனித்தேன், அவர் கழுத்து பழையபடி சிவந்து கிடந்தது. மேசையில் போத்தல் இல்லை. கேட்க அவருக்கு வாய் வரவில்லை போல.

இன்று நானே கலந்தேன். கற்றாழைப் பாலை வடியவிட்டு, என் மணிக்கட்டில் பூசி, நீங்கள் செய்வது போலவே பொறுத்திருந்து பார்த்தேன். சொறியவில்லை. நாளை மழித்துக் குளித்து உங்களுக்குப் படைப்பேன். திங்கட்கிழமை துறைக்கு இரண்டு போத்தல் கொண்டுபோவேன், ஒன்று எனக்கு, மற்றது அவருக்கு. அவர் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். அத்தர் ஒரு சொட்டும் விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள்
முருக்கம்பூ மச்சான்