தாஜ்மஹாலில் நான் அத்தானுக்குத் துபாஷியானது

என்னை இடுப்பில் தூக்கித் தூக்கியே ஒரு பக்கம் சாய்ந்து நடந்த என் அக்காவுக்கு,

உன்னிடம் சுகமா என்று கேட்பதா, வேண்டாமா? கை பழக்கத்தில் கேட்டுவிட்டது. இங்கே நான் சுகம். கிட்டங்கியில் துரை என்னைக் கேட்காமல் ஒரு மூட்டையை நகர்த்துவதில்லை. போன வாரம் நான் தலையாட்டிய பிறகுதான் கப்பலே புறப்பட்டது. "போடா" என்கிறாய், கேட்கிறது. சரி, ஒரு படகு. படகு நிச்சயம்.

இந்தக் கடிதத்தைக் கல்கத்தாவில் நம் தமிழர் வீடுகளில் கைமாறுகிற கையெழுத்துப் பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிறேன். நீ அங்கிருந்து படிப்பாயோ மாட்டாயோ, பவானிபூர் முழுக்கப் படித்துவிடும். அத்தானிடம் உத்தரவு வாங்கிக்கொண்டேன். உன் வீட்டுக்காரர் எதற்கும் இரண்டு வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவராயிற்றே. "எழுதுங்க மச்சான்" என்றார்.

அவசரமாக எழுதக் காரணம் உண்டு. உன் மாமியார் போன மாதம் காலமானார்கள். இதற்குள் அங்கே வந்து உன்னைக் கண்டுபிடித்திருப்பார்கள். ஒரு விஷயத்தை உன்னிடம் அவர்கள் கேட்கக்கூடும். நான் இங்கே ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ அங்கே வேறொன்று சொல்லிவிட்டால், ஆறு வருஷமாக நான் காப்பாற்றி வைத்தது ஒரு நொடியில் போய்விடும். ஆகவே முதலிலிருந்து கேள்.

நீ படுக்கையில் இருந்தபோது என் கையைப் பிடித்தாயே, நினைவிருக்கிறதா? மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். "எனக்கோ குழந்தை இல்லே. நான் போனப்புறம் அவருக்கு ஒரு கல்யாணம் பண்ணி வைடா. சத்தியம் பண்ணு" என்றாய். உன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மாமியார் விசிறியைக் கீழே போட்டுவிட்டு, "இவ தெய்வம்டா" என்று அழுதார்கள்.

நீ போய் மூன்று மாதத்திலேயே மாயவரத்தில் பெண் பார்த்துவிட்டார்கள். தூரத்துச் சொந்தம், சின்னப் பெண். அத்தான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அலிப்பூர் ஆபீசுக்குப் போவார், வருவார், இலையில் போட்டதில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார். வருஷத் திதி முடிந்தது. "தை மாசத்துக்குள்ளே பதில் சொல்லியாகணும், நீதானே சத்தியம் பண்ணினவன்" என்று மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. ஆக்ரா பாதுஷா பல கல்யாணம் செய்தவர் என்று எங்கள் ஆபீஸ் பெரிய பாபு சொல்லியிருந்தார். பல கல்யாணம் செய்தவர்தான் ஒரு பேகத்துக்காகத் தாஜ்மஹாலைக் கட்டினார்! இதை அத்தான் கண்ணால் பார்த்துவிட்டால், மறு கல்யாணம் செய்துகொண்டாலும் முதல் பெண்சாதி மேல் உள்ள பிரியம் குறையாது என்று அவருக்கே விளங்கிவிடும் அல்லவா? நான்காம் பாரத்தில் பாதியோடு நின்றவனுக்கு இந்த மூளை! மீதிப் பாதியும் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ!

மிதவைப் பாலத்தைக் கடந்து ஹவுராவில் ரயில் ஏறினோம். டூண்ட்லாவில் வண்டி மாற வேண்டும். வழியில் ஒரு புலி ரயிலோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடி வந்தது. அத்தான் அதை நாய் என்கிறார். அவர் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து அப்படித் தெரிந்திருக்கும்.

ஆக்ராவில் எங்கள் இருவருக்கு மட்டும் சுற்றிக்காட்டத் தனியாக ஒரு பெரியவரை ஏற்பாடு செய்தேன். மீர் சாகிப் என்று அழைத்தார்கள். மருதாணி போட்ட தாடி, வெள்ளை அங்கி. ஏழு தலைமுறையாக அந்தச் சமாதியில் விளக்கேற்றுகிற குடும்பம். (நாலு தலைமுறை என்றுதான் சொன்னார். அடக்கமான மனுஷர்.) அவர் இந்துஸ்தானியில் சொல்வார், நான் தமிழில் அத்தானுக்குச் சொல்வேன். துபாஷி வேலை எனக்குப் புதிதா என்ன? கல்கத்தாவுக்கு வந்திறங்குகிற நம் ஊர்க்காரர்கள் கோர்ட்டுக் கச்சேரிக்கும் வைத்தியரிடமும் என்னைத்தானே கூட்டிக்கொண்டு போவார்கள்?

ஆனால் உன்னிடம் மறைப்பானேன். என் இந்துஸ்தானி ஹவுராவில் வண்டிக்காரர்களிடம் கற்றது. மாட்டை ஓட்ட, மூட்டையை இறக்க, பேரம் பேச, வைய, எல்லாவற்றுக்கும் அதில் வார்த்தை இருக்கிறது. பேகம்களைப் பற்றிப் பேச வண்டிக்காரர்களுக்கு ஏது நேரம்? மீர் சாகிப் பேசியதோ ஜரிகை போட்ட பாஷை. நாலில் ஒரு பங்கு எனக்குப் பிடிபட்டது. மிச்சத்தை நானே நிரப்பினேன், கஞ்சத்தனம் இல்லாமல்.

கூட்டம் வருவதற்கு முன், இளவெயிலில் எங்களை உள்ளே அழைத்துப் போனார். முதலில் சிவப்புக் கல்லில் பெரிய வாசல். உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து ஒரு அடி வைத்தேன். அக்கா, நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது உன் வழக்கம். இதில் மட்டும் கழிக்காதே.

வெள்ளை. நாம் பார்த்த சுண்ணாம்பு வெள்ளை இல்லை, வேட்டி வெள்ளை இல்லை. பாலாடையைக் கல்லாக்கினால் எப்படியோ அப்படி. தரையில் நிற்கிற மாதிரியே இல்லை. யாரோ மேலேயிருந்து மெதுவாக இறக்கி, இன்னும் கையை எடுக்காத மாதிரி இருந்தது. இன்னொரு அதிசயம்: நாம் முன்னால் போகப் போக அது பின்னால் போகிறது. மீர் சாகிப் என்னைத் திரும்ப வாசலுக்கு நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார். பின்னால் வந்தால் அது நம்மைத் தேடிக்கொண்டு கிட்டே வருகிறது!

கிட்டே போனால் சுவரெல்லாம் பூ. எழுதிய பூ இல்லை. கல்லைக் குடைந்து கல்லைப் பதித்த பூ. ஒரு சிவப்புக் கல்லின் பக்கத்தில் மீர் சாகிப் சின்ன விளக்கைப் பிடித்தார். இதழுக்குள் தணல் போட்ட மாதிரி அது ஒளிர்ந்தது. விரலால் தடவினேன், எங்கே ஒட்டியது என்று தெரியவில்லை. தேனீ ஒன்று வந்து ஏமாந்து போனதைக் கண்ணால் கண்டேன். இங்கே மைதானத்தில் மகாராணி பேரால் வெள்ளைக் கல்லில் ஒன்று கட்டுகிறார்களே, அந்தக் கொத்தனார்களுக்கு இதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவைக்கலாம் என்றிருக்கிறேன். காவல்காரன்தான் உள்ளே விடமாட்டேன் என்கிறான்.

சமாதி அறைக்குள் போனோம். சுற்றிலும் கல்லிலேயே பின்னல் போட்ட தடுப்பு. மீர் சாகிப் மெல்லச் சொன்னார், இது எனக்கு நன்றாகப் புரிந்தது: இந்த இடத்தில் எல்லாமே ஜோடி. இந்தப் பக்கம் கோபுரம் என்றால் அந்தப் பக்கமும் கோபுரம். வரிசையில் சேராதது ஒன்றே ஒன்று, பாதுஷாவின் சமாதி. நட்ட நடுவில் பேகம். பாதுஷா பிற்பாடு வந்து ஓரமாகப் படுத்துக்கொண்டார்.

"நடுவிலே அவங்களா?" என்றார் அத்தான். தடுப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். வெகு நேரம் நின்றார்.

அப்போது மீர் சாகிப் பேகத்தின் கடைசி நேரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். "ஷாதி" என்ற வார்த்தை வந்தது. கல்யாணம்! காதைத் தீட்டிக்கொண்டேன். "எனக்குப் பிறகு வேறு கல்யாணம் வேண்டாம்" என்று பேகம் பாதுஷாவிடம் கேட்டுக்கொண்டாராம்! நான் எதற்காக இத்தனை தூரம் வந்தேன்? இந்தப் பெரியவர் செய்கிற வேலை என்ன?

"என்ன சொல்றார்?" என்றார் அத்தான்.

"பேகம் சாகறப்போ, எனக்கப்புறம் நல்ல பொண்ணாப் பார்த்துக் கட்டிக்கோங்கன்னு சொன்னாங்களாம் அத்தான். பாதுஷாவும் கட்டிக்கிட்டாராம். ரெண்டாவது அம்மா தங்கமானவங்களாம். இந்தத் தோட்டத்துக்குத் தண்ணி விட்டதே அவங்கதானாம்."

"அப்படியா? அவங்க சமாதி எங்கே இருக்கு?"

"டில்லியிலே."

அத்தான் மீர் சாகிபைப் பார்த்தார். மீர் சாகிப் தாடியைத் தடவிக்கொண்டார். வேறொன்றும் நடக்கவில்லை.

வெளியே வந்ததும், எத்தனை அழகானாலும் சமாதி சமாதிதானே என்று பின்பக்கம் இறங்கி யமுனையில் தலை முழுகப் போனோம். மீர் சாகிப் திகைத்துப்போனார். தாஜைப் பார்த்துவிட்டுக் கவி பாடினவர்கள் உண்டாம், அழுதவர்கள் உண்டாம். குளித்தவர்கள் நாங்கள்தானாம்.

இடுப்பளவு தண்ணீர். இரண்டு முழுக்குப் போட்டுவிட்டு அத்தான் சொன்னார்: "மச்சான், அந்தப் பெரியவர் சொன்னது அது இல்லையே."

"எது அத்தான்?"

"பேகம் வேற கல்யாணம் வேணாம்னுதானே சொன்னாங்களாம்."

"உங்களுக்கு இந்துஸ்தானி தெரியுமா?"

"பதினோரு வருஷமா பக்கத்து மேசை, உருது எழுதற லக்னோ முன்ஷியோடது. தினம் பேசிக்கிட்டேதான் சாப்பிடறோம்."

"என்கிட்டே ஒரு நாளும் சொல்லலையே!"

"நீங்க எங்கே இடம் விட்டீங்க?"

தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குச் செய்த சத்தியம், அதனால்தான் ஆக்ரா, அதனால்தான் பொய். அத்தான் முகமெல்லாம் தண்ணீர். சிரித்தாரா, அழுதாரா, எனக்குத் தெரியாது. பிறகு அவர் பேசினார் பார், அக்கா, அவர் ஆயுசுக்கும் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அன்னிக்கு அம்மா கஷாயம் எடுக்க உள்ளே போனதும் உங்க அக்கா என்னைக் கூப்பிட்டா. 'தம்பிகிட்டே சத்தியம் வாங்கியிருக்கேன். அத்தை தலைமாட்டிலே உக்காந்திருக்கறப்போ வேற என்னத்தைச் சொல்றது? அவன் வந்து உங்களைத் தொல்லை பண்ணுவான். நீங்க பண்ணிக்காதீங்க'ன்னா. ரெண்டு தரம் சொன்னா."

ஏன் அக்கா, இப்படியா செய்வாய்! என் கையில் ஒரு பேச்சு, அவர் காதில் ஒரு பேச்சா? கதை கட்டுவது நம் வீட்டில் எனக்கு மட்டும் வாய்த்தது என்று இறுமாந்திருந்தேனே! மூச்சு வாங்குகிற நேரத்தில்கூட யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று கணக்காகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். உன் முன்னால் நான் எம்மாத்திரம்?

"இதை அத்தைகிட்டே அப்பவே சொல்லியிருக்கலாமே? ஒரு வருஷத் தொல்லை மிச்சமாயிருக்குமே!" என்றேன்.

அத்தான் தலையாட்டினார். "பதினெட்டு வருஷத்திலே அம்மா அவளை ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லே. அவ போட்ட ரசம் ஆகாது, அவ நடந்தா ஆகாது. இப்போ வர்றவங்க போறவங்ககிட்டேயெல்லாம், 'என் மருமக தெய்வம், சாகறப்பக்கூட என் மகனை நினைச்சா'ன்னு சொல்லிச் சொல்லி மாயறாங்க. நான் வாயைத் திறந்தா அது போயிடும். கட்டிக்கவும் மனசில்லே, சொல்லவும் மனசில்லே. நான் என்ன பண்ணுவேன் மச்சான்?"

பாதுஷாவிடம் கஜானா இருந்தது, கட்டினார். இந்த மனுஷர் அலிப்பூர் ஆபீசில் காகிதம் கட்டுகிறவர். உனக்காக ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார். நான் பார்க்கப் போனது ஒன்று, பார்த்துவிட்டு வந்தது இரண்டு.

"கவலைப்படாதீங்க. அத்தையை என்கிட்டே விடுங்க" என்றேன். ரயில் பர்த்வானைத் தாண்டுவதற்குள் கதை தயாராகிவிட்டது. என் ஆயுசிலேயே சிறந்த கதை. கேள், இதைத்தான் நீ மறக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் உன் மாமியார் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். "அத்தை, தப்பு என்னோடது. அந்தச் சமாதியைச் சுத்திக் கல்லுத் தடுப்பு இருக்கு. அதிலே கையை வச்சுப் பெண்சாதியை நினைச்சவன் மறு கல்யாணம் பண்ணக் கூடாதாம். பண்ணினா குலத்துக்கே ஆகாதாம். அந்தப் பெரியவர் 'வைக்காதே, வைக்காதே'ன்னு கத்தினார். எனக்குப் புரியலே. வைக்கச் சொல்றார்னு அத்தான்கிட்டே சொன்னேன். அவரும் வச்சுட்டார்."

"இந்துஸ்தானி தண்ணி பட்ட பாடுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியேடா?"

"பேச வரும் அத்தை. புரியாது."

"அசடே! எங்க குலத்துக்கே உலை வச்சியேடா! தெய்வம் மாதிரி அவ கேட்டா, அவ பேச்சைக் காப்பாத்தத் தெரிஞ்சுதா உனக்கு?"

மறுநாளே மாயவரத்துக்கு வேண்டாம் என்று கடிதம் போயிற்று. அந்தப் பெண்ணுக்கு அப்புறம் தஞ்சாவூரில் வயதுக்கேற்ற மாப்பிள்ளை அமைந்தான். இரண்டு குழந்தைகள், சௌக்கியம்.

பவானிபூரில் என்னைத் துபாஷி வேலைக்கு அழைக்கிறவர் ஒருவரும் இல்லாமல் போனார்கள். கச்சேரிக்கு வேறு ஆள், வைத்தியரிடம் வேறு ஆள். பூஜை நாட்களில் நாலு பேர் கூடினால் உன் மாமியார் என்னைக் காட்டி, "வந்துட்டான் பாரு துபாஷி" என்று முதலிலிருந்து கதையைச் சொல்வார்கள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆறு வருஷம். நான், அக்கா, நான், ஒரு நாள்கூடப் பதில் சொல்லவில்லை.

ஆனால் கதையை முடிக்கும்போதெல்லாம் அவர்கள் சொல்வதைக் கேட்கவே அங்கே போய் உட்காருவேன். "என் மருமக மாதிரி ஒருத்தி இனிமே பொறக்கணும்" என்பார்கள். கடைசி வாரத்தில், குரல் உடைந்துபோன பிறகும், கஷாயம் கொண்டுவந்த பெண்ணிடம் அதையேதான் சொன்னார்கள்.

அத்தான் சௌக்கியம். ஆபீசில் மின்சார விசிறி வந்துவிட்டது, காகிதம் பறக்கிறது என்று குறைப்படுகிறார். இலையில் ஒதுக்குவதில்லை. என்னோடு பேசவும் பேசுகிறார். நீ கல்யாணமான புதிதில் தயிரை இங்கத்துக்காரர்கள் மாதிரி இனிப்பாகத் தோய்த்துப் பார்த்து மாட்டிக்கொண்டாயாமே? அதையெல்லாம் எனக்கு ஏன் நீ சொல்லவில்லை?

இனி உன் வேலை. மாமியார் அங்கே உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கேட்டதை உன் தம்பி கெடுத்துட்டானேடி" என்று அழுவார்கள். நீ உண்மையைச் சொல்லிவிடாதே. அவர்கள் கண்ணைத் துடைத்துவிட்டு, "என்ன அத்தை பண்றது, அவன் பொறந்ததிலேர்ந்தே அசடு" என்று சொல். அது போதும். உனக்கு அதைச் சொல்லப் பழக்கமும் உண்டு.

நானும் ஒரு நாள் அங்கே வந்து சேரத்தானே போகிறேன். வந்ததும் அவர்கள் எல்லார் முன்னிலையிலும் மறுபடி கதையை ஆரம்பிப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம் அத்தை, புரியலே" என்று சொல்வேன். எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன். இந்தச் சத்தியத்தை நம்பலாம். இதை நான் செய்கிறபோது உன் தலைமாட்டில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இப்படிக்கு,
உன் கையில் அடித்த சத்தியத்தை உன் பேச்சைக் கேட்டே மீறிய
உன் ஒரே தம்பி,
சபாபதி