அப்பா ஊதப் போகும் வீடுகள்

தீக்கியே ஆற்றங்கரை
ஜூன் 2020

அன்பு மகன் எவனில்டோவுக்கு அம்மா எழுதுவது. மனாவுஸ் நகரத்தில் மருந்துக்கடையில் உனக்கு உட்காரவே நேரமில்லை என்று தெரியும், இந்த நேரத்தில் கடிதம் எழுதித் தொந்தரவு செய்கிறேன், மன்னித்துக்கொள். இங்கே அப்பா, நான், உன் தங்கை மூவரும் இதுவரை காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு.

டவுனுக்குப் போய்வந்த படகோடு நோய் வந்துவிட்டது. என் அண்ணன் எர்மீனியோ வீட்டில் எல்லோரும் படுத்திருக்கிறார்கள். பொது மண்டபத்தில் ஒரே சட்டி மீன் சாற்றில் மரவள்ளி ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவது நின்றுபோனது. பாதிப் பேர் காட்டுக்குள் தோட்டக் குடிசைகளுக்குப் போய்விட்டார்கள். அப்பா அசையவில்லை. ஊதத் தெரிந்தவனே ஓடிப்போனா ஊர்ல யாரு இருப்பா என்கிறார். யார் கூப்பிட்டாலும் புகையிலைச் சுருட்டோடு போய் நோயாளி படுத்திருக்கும் ஏணையோரம் குனிந்து, மெல்ல மந்திரம் சொல்லி, நெஞ்சில் புகையை ஊதுகிறார். அவர்கள் அவர் முகத்திலேயே இருமுகிறார்கள். முகமூடி தைத்துக் கொடுத்தேன். இதைக் கட்டிக்கிட்டு ஊதினா சொல்லெல்லாம் துணியிலயே தங்கிடும், அப்புறம் துணிக்குத்தான் குணமாகும் என்றார். ஏணையில் படுத்தபடியே அதைக் கேட்ட எர்மீனியோ மாமா, கட்டிக்கோ மச்சான், உன் மூஞ்சி தெரியலன்னாலே எனக்குப் பாதி நோய் போயிடும் என்றார். எல்லோரும் சிரித்தோம். மறுநாளிலிருந்து மாமாவுக்குப் பேச மூச்சில்லை. நேற்று அப்பாவும் தொண்டையைச் செருமினார், கேட்டால் புகையிலை என்கிறார்.

தூரத்து ஆட்களுக்குக் குங்கிலியத்தில் ஊதி அனுப்புவாரே, வாங்கியவர்கள் வீட்டில் புகை போட்டுக்கொள்வார்களே, ஊர்க்காரர்களுக்கும் அப்படியே கொடுங்கள் என்றேன். அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினா பயந்துட்டான்னு சொல்லுவாங்கடி என்றார். ஊர்க் கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்லப் பார்த்தேன். இந்த ஊரில் முதலில் பட்டம் வாங்கியவள் என்றுதான் பேர், பள்ளியில் பிள்ளைகள் முன்னால் வரும் பேச்சு பெரியவர்கள் முன்னால் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, கடையில் முகமூடியைக் கழற்றாதே. உனக்கு ஒரு குறையும் வராது, நல்லா இருப்பாய்.

இப்படிக்கு,
உன் அம்மா துல்செலீனா

இதை எழுதாமலே மடித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே நம் ஆட்களின் சங்க அலுவலகத்துக்குப் போய், பேசும் ரேடியோவில் அப்பாவைக் கூப்பிடு. எனக்குக் குங்கிலியத்தில ஊதி அனுப்புங்கப்பா என்று கேள். ரேடியோவில் பேசினால் ஆறு முழுக்கக் கேட்கும், கேட்கட்டும். சொந்த மகனே அதை வாங்கிக்கொள்கிறான் என்றால் இங்கேயும் அதுவே போதும் என்பார்கள், அவரைப் பயந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மருந்துக்கடையில் சேர்ந்ததிலிருந்து நீ அவரிடம் ஊதச் சொல்லிக் கேட்டதே இல்லை, அவரும் அந்த வருத்தத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா சொன்னாளே என்று கேட்காதே கண்ணா, அவர் கண்டுபிடித்துவிடுவார். உனக்கு வேண்டும் என்று கேள்.